எட்டுக்கும் எட்டிக்கும் நடுவே ஒரு மச்சான்

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மீனைத் தொடுவேன்" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர் விடமாட்டார். மீன் பிடிப்பீர்களா, வளர்ப்பீர்களா, விற்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார். இவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, "இல்லீங்க, தொடுவேன். அவ்வளவுதான்" என்பார். பக்கத்தில் நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த மனுஷன் தன்னைப் பற்றி இப்படியா சொல்லிக்கொள்வது?

நான் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து அறைக்குப் பொறுப்பு. விஷ அலமாரியின் சாவி என் கழுத்தில்தான் தொங்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். விஷ அலமாரிச் சாவியை வைத்திருப்பவள் சிரித்த முகமாக இருந்தால்தான் எல்லாரும் பயப்பட வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சி முழுக்க எட்டியைப் பற்றியது. எட்டிக்காய் என்றால் கசப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் விதைக்குள் இருக்கிற விஷத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஸ்ட்ரிக்னின். வாயில் நுழையாத பெயர், வாயில் நுழையவே கூடாத பொருள். அதனால் நாங்கள் சுருக்கமாக எட்டி என்றே சொல்வோம்.

அது செய்கிற வேலையை எங்கள் பெரிய மேடம் எனக்கு ஒருமுறை விளக்கினார். உடம்பின் ஒரு பக்கத் தசை இழுக்கும்போது மறுபக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்று முதுகுத்தண்டுக்குள் ஒரு செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. எட்டி அந்தச் செய்தியைக் கேட்கிற காதை அடைத்துவிடும். அப்புறம் இழுக்க எல்லாரும் உண்டு, அடங்க யாரும் இல்லை. ஒரு சத்தம் போதும், ஒரு தொடுதல் போதும், உடம்பு மொத்தமும் விறைத்துக்கொள்ளும். "எங்க வீட்டுக் கூட்டம் மாதிரின்னு சொல்லுங்க மேடம்" என்றேன். மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இரண்டு தடவைதான்.

இந்தக் கெட்ட சாமானை வைத்துக்கொண்டு எங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கதவு சாத்துகிற சத்தத்துக்குக்கூடத் துள்ளி விறைத்துப்போகிற ஒரு நோயோடு சில குழந்தைகள் பிறக்கின்றன. அந்தக் காது பிறவியிலேயே சரியாக அமையாததுதான் காரணம். மீன்குஞ்சுகளை எட்டி கலந்த தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரத்துக்கு அவற்றுக்கும் அதே நிலை வரும். அப்போது எந்த மருந்து அதைத் தணிக்கிறது என்று பார்ப்போம். அந்தப் பார்க்கிற வேலைதான் நம் ஆளுடையது.

இரண்டு நாள் வயதுக் குஞ்சு அரிசியில் பாதி நீளம் இருக்கும். உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, மெல்லிய முடியால் அதன் வாலைத் தொட வேண்டும். நல்ல குஞ்சு ஒரு பக்கமாக வளைந்து விசுக்கென்று ஓடிவிடும். எட்டித் தண்ணீரில் இருந்த குஞ்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுப்பதால் வளைய முடியாது. ஆர்மோனியத் துருத்தி மாதிரி சுருங்கி இருந்த இடத்திலேயே நிற்கும். சுத்தத் தண்ணீரில் மாற்றி விட்டால் கொஞ்ச நேரத்தில் பழையபடி வளையும். இவர் தொட்டுவிட்டு "வளைவு" என்பார், அல்லது "சுருக்கம்" என்பார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு தடவை. பதினாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வால்களைத் தொட்டிருப்பார் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

தொட்டால் சுருங்குகிற குஞ்சுகளைத் தொட்டாச்சிணுங்கி என்று நான்தான் முதலில் சொன்னேன். அது நாளாக ஆக அவர் பெயராகத் திரும்பி, 'தொட்டாச்சி' என்று நின்றுவிட்டது. இதில் வேடிக்கை, அந்த மனுஷனுக்குச் சிணுங்கவே தெரியாது. திட்டினால் தலையை ஆட்டுவார். பாராட்டினால் அதே அளவு தலையை ஆட்டுவார். ஒருநாள் நான் வேண்டுமென்றே அவர் காலை மிதித்துப் பார்த்தேன். "பரவாயில்லக்கா" என்றார். மிதித்த காலை எடுக்கக்கூடச் சொல்லவில்லை.

அந்த முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைமுடி நீளம், துவளும். தூரிகை முடி முரடு. மீன்குஞ்சைத் தொடுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருப்பது கண் இமை முடிதான். அதைப் பல் குத்தும் குச்சியின் நுனியில் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். தொட்டாச்சிக்கு இமை முடி குட்டை. கல்யாணமான முதல் வாரத்தில் அவர் தன் மனைவியின் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் இமை முடி ஒண்ணு எனக்குக் குடுப்பியா?" என்று கேட்டாராம். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு ஆளா என்று அந்தப் பெண் உருகிப்போய், கண்ணில் தண்ணீர் வரப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "நல்லா வேலை செய்யுது, நூத்தி இருபது மீன் தொட்டேன்" என்றிருக்கிறார். அந்தக் கதையை அவளே என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனாலும் மாதம் ஒன்று கொடுத்துக்கொண்டுதான் வந்தாள். அவள் இமை நல்ல நீளம், நுனியில் லேசாக வளைந்திருக்கும்.

இந்த நிம்மதிக்குள் மண்ணைப் போட வந்தவர்தான் மச்சான், அந்தப் பெண்ணின் அண்ணன். குழாய், வாளி, குளியலறைச் சாமான் விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்கு உள்ளே இருந்து பேசினால் எதிர்ச்சாரியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். தங்கையின் மேல் உயிர். அந்த உயிரை வெளியே காட்ட அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தங்கை புருஷனைத் திட்டுவது. நாலு மாதத்துக்கு முன்னால் இமை முடி விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. வந்ததே கோபம்! "என் தங்கச்சி கண்ணைப் பிடுங்கி மீனைத் தடவுறானா? இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று வீட்டையே இரண்டாக்கியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் முடி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். தொட்டாச்சி ஒன்றும் சொல்லாமல் பழைய முடியையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதைப் பற்றிக் கேட்டாலும் "எட்டிக்காயாட்டம் கசக்குது" என்பார். தங்கை போட்ட காபியா, எட்டிக்காய். பக்கத்துக் கடைக்காரர் பேச்சா, எட்டிக்காய். புதுச் செருப்பு காலைக் கடித்தால்கூட எட்டிக்காய்தான். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் என் தலையில் இன்று பத்து நரையாவது குறைந்திருக்கும்.

அன்றைக்கு மதியம் அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். மீன் வேலையை விட்டுவிட்டுத் தன் கடைக்கு வரும்படி மாப்பிள்ளையிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்று ஆமாவா இல்லையா என்று கேட்காமல் போவதில்லை என்று கிளம்பி வந்திருக்கிறார். தொட்டாச்சி உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்காமல், "உக்காருங்க மச்சான், இன்னும் முப்பது குஞ்சு இருக்கு" என்றார்.

"முப்பது குஞ்சா! நான் கடையை விட்டுட்டு வந்திருக்கேன், மாப்பிள்ளை!"

"மச்சான், கொஞ்சம் மெதுவா. இவங்களுக்குக் கேக்கும்."

"எவங்களுக்கு?"

"மீனுங்களுக்கு."

மச்சானின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மீனுக்காகத் தன் குரலைத் தாழ்த்தச் சொன்ன மனுஷனை அவர் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தார். நான், "அந்த மேசையை விட்டு எட்டி நில்லுங்க" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு என் அறைக்குப் போனேன். அரைமணி நேரம் அவர் பேசிக்கொண்டிருந்தது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. கடையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, தனி மேசை, நாலு பேர் மதிக்கிற வேலை. தொட்டாச்சியின் பதிலும் இடையிடையே கேட்டது. "வளைவு." "வளைவு." "சுருக்கம்."

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மறைக்கப் போவதில்லை.

தொட்டாச்சி தன் மேசையில் எட்டு கண்ணாடிப் புட்டிகள் வைத்திருப்பார். முதல் ஏழில் எட்டியோடு ஏதாவது ஒரு மருந்தைக் கலந்த தண்ணீர். எட்டாவதில் வெறும் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒருமுறை யாரோ 1 என்று எழுதியதை 7 என்று படித்து மூன்று வார வேலை பாழாகிவிட்டது. அதிலிருந்து அவர் எண்ணைப் போடமாட்டார், எழுத்தில்தான் எழுதுவார். ஒன்று, இரண்டு என்று தொடங்கிக் கடைசிப் புட்டியில் 'எட்டு'. என் அலமாரியில் இருக்கும் செறிவான விஷப் புட்டியில் நான் எழுதியிருப்பது 'எட்டி'. அவர் நீல மை, நான் சிவப்பு மை. இருபது வருஷமாக என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் நான் வீட்டை விட்டு வந்ததில்லை.

அன்று காலை அந்தப் பேனா உலர்ந்துவிட்டது. புதுப் புட்டிக்கு மாற்றி ஊற்றும்போது, சரி, ஒரு நாளைக்குத்தானே என்று தொட்டாச்சியின் நீலப் பேனாவை வாங்கி 'எட்டி' என்று எழுதினேன். மருந்து கலப்பதற்காக அதை அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். வேலை முடிந்ததும் ஈரக் கையோடு எடுத்துவந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அரைமணிப் பேச்சு ஓய்ந்தது. திடீரென்று சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். மச்சான் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். புட்டியின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம். ஓடிப்போய் ஒட்டுத்தாளைப் பார்த்தேன். 'எட்ட' வரைக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் குடிக்கும்போது வழிந்த ஈரத்தில் மை ஊறி, நீலமாக ஒரு கறை. டகரத்துக்குத் தலையில் சுழியா, காலில் சுழியா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"அய்யய்யோ, இதையா குடிச்சீங்க?"

"தாகமா இருந்துச்சு. பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடுக்க இங்க ஆள் இல்ல."

"எப்படி இருந்துச்சு? கசந்துச்சா?"

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். உபசாரம் தெரியாத இடம் என்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. "எட்டிக்காயாட்டம் கசந்துச்சு" என்றார்.

 கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எப்படியோ போய் அலமாரியைத் திறந்தேன். உள்ளே நான் பூட்டி வைத்த புட்டி. அதிலும் 'எட்ட', அதற்கப்புறம் நீலக் கறை. என் ஈரக் கை செய்த வேலை. ஒரே மாதிரி இரண்டு புட்டி, ஒரே மாதிரி இரண்டு கறை, நான் எடுத்துவந்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை. விஷத்தை மேசையில் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பூட்டி வைத்திருந்தேன் என்றால், அந்த மனுஷன் குடித்தது பத்துப் பேருக்குப் போதும்.

பெரிய மேடம் ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் பாலத்தில் வேலை நடப்பதால் சுற்றி வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். அதுவரை ஆளை இருட்டில் படுக்க வையுங்கள், தொடாதீர்கள், சத்தம் கூடாது, வாந்தி எடுக்க வைக்காதீர்கள், குடித்தது என்னவென்று உறுதியாகத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். விஷம் என்றால் பதினைந்து இருபது நிமிஷத்தில் காட்டிவிடும்.

"அவர் எதுக்குமே எட்டிக்காய்னுதான் சொல்லுவார், மேடம்" என்றார் தொட்டாச்சி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வழக்கமான குரல்.

"இந்தத் தடவை நிஜமாவே கசந்திருந்தா?"

தொட்டாச்சி கொஞ்சம் யோசித்தார். "அதான். தொட்டுப் பாத்துடறேன்" என்றார்.

நான் புட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். என் தப்புக்கு என் நாக்கு போகட்டும் என்றுதான் சொன்னேன். மேடம் என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தார். "ஒருத்தரைப் படுக்க வைக்கத்தான் இங்க இடம் இருக்கு" என்றார்.

படம் பிடிக்கிற இருட்டறையில், சாமான் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு மச்சானைப் படுக்க வைத்தோம். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் சுருங்கிப்போனார். வாசலில் என்னைக் காவல் வைத்தார் மேடம்.

"பேசலாமா?" என்று உள்ளே இருந்து கேட்டார்.

"கூடாது."

"மூச்சு?"

"மெதுவா விடுங்க."

 அப்புறம், "கழுத்துப் பக்கம் இழுக்குது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "தலைக்கு ஒண்ணும் வைக்காம அட்டையில படுத்தா இழுக்காதா? பேசாம படுங்க!" என்று சத்தம் வராமல் கத்தினேன். சொன்னது அவருக்கு, தைரியம் எனக்கு.

வெளியே தொட்டாச்சி இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பத்துக் குஞ்சு. மச்சான் குடித்த புட்டியிலிருந்து நாலு சொட்டு ஒன்றில், அலமாரிப் புட்டியிலிருந்து நாலு சொட்டு மற்றதில். கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். மீனுக்கும் பதினைந்து நிமிஷம், மச்சானுக்கும் பதினைந்து நிமிஷம். இந்த இரண்டில் எது முதலில் சொல்லும் என்று நினைக்க நினைக்க எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்து மச்சானின் போன் அடித்தது. சாதாரண மணியா? கல்யாண வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஊதுகிற மாதிரி ஒரு ஊதல். அமைதியாகப் படுத்திருந்த மனுஷன் அட்டையோடு ஒரு முழம் துள்ளினார். துள்ளல் வந்துவிட்டது, போச்சு என்று நான் வீறிட்டேன். என் வீறலுக்கு அவர் இன்னொரு முறை துள்ளினார். மேடம் வந்து எங்கள் இரண்டு பேரையும் முறைத்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கைதான் பேசினாள்.

"அண்ணே, அவர்கிட்ட ரொம்பக் கோவமாப் பேசிடாதீங்க..."

"அண்ணன் இல்லம்மா, நான்" என்று நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கம் அழுகை. நானும் அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டது எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அக்கா, அவர்கிட்ட முடி இருக்கா?"

"என்னது?"

"இமை முடிக்கா. நாலு மாசமா நான் குடுக்கலையே. அது இல்லாம எப்படித் தொடுவாரு? எங்கண்ணனுக்கு எப்படித் தெரியும்? பாவி, ஒரு முடி குடுக்காம போயிட்டேனே!"

தொட்டாச்சிக்கு அது கேட்டிருக்க வேண்டும். உருப்பெருக்கியை விட்டுத் தலையைத் தூக்காமலே, "பழசு ஒண்ணு இருக்குன்னு சொல்லுங்கக்கா. அவளுதுதான். போதும்" என்றார்.

பதினைந்து நிமிஷம் ஆனது. குச்சியை எடுத்தார். அதன் நுனியில் அந்த முடி தேய்ந்துபோய், பாதிதான் இருந்தது. மேடம் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் இருட்டறை வாசலில் ஒரு கால், இங்கே ஒரு கால். போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. முதலில் மச்சான் குடித்த புட்டித் தட்டு.

"ஒண்ணு, வளைவு."

"அப்பாடா!" என்றேன். "வளைஞ்சிடுச்சு, தண்ணிதான்!"

"இருங்கக்கா. ரெண்டு, வளைவு."  முடி அந்தரத்தில் நின்றது. "மூணு, அசையல."

  எட்டி ரொம்பக் கூடிப்போனால் குஞ்சு அசையாமலே போகும் என்று மேடம் ஒருமுறை சொன்னது எனக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. உள்ளே இருந்து மச்சான், "என்ன சொல்றான்?" என்றார். அந்தக் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் கரைந்து போய்விட்டது. "இன்னும் தொட்டுக்கிட்டு இருக்காரு. நீங்க படுங்க" என்றேன்.

"நாலு, வளைவு. அஞ்சு, வளைவு." பத்து வரைக்கும் போனார். அவசரமே இல்லை. எல்லாம் வளைவு. பிறகு மறுபடியும் மூன்றாவதிடம் வந்தார். முடியால் வாலைத் தொட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை தொட்டார். "வளைவு" என்றார். "தூங்கிட்டு இருந்திருக்கு."

"போதும்ப்பா, சொல்லிடலாம்" என்றார் மேடம்.

"இன்னொரு தட்டு இருக்கு, மேடம்."

அலமாரிப் புட்டித் தட்டை இழுத்து வைத்தார். ஒன்று, சுருக்கம். இரண்டு, சுருக்கம். பத்தும் துருத்தி மாதிரி ஒடுங்கின. பத்தாவதையும் தொட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்து, போன் பக்கம் திரும்பி, "மச்சான் குடிச்சது எட்டு. தண்ணிதான்" என்றார்.  நோட்டை இழுத்து இருபதையும் ஒவ்வொன்றாக எழுதி முடித்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.   நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, வெட்கம் இல்லாமல் ஓவென்று அழுதேன். ஒரு பேனா உலர்ந்ததற்கு ஒரு உயிர் போயிருக்கும்.

மச்சானுக்குச் சொன்னதுதான் தாமதம், பழைய குரல் கதவை முந்திக்கொண்டு வெளியே வந்தது. "தண்ணியா? வெறும் தண்ணிக்கா என்னை அட்டைப்பெட்டியில படுக்க வச்சீங்க?"

"எட்டிக்காயாட்டம் கசந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று நான் பாய்ந்தேன்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா! எட்டிக்காயை நான் கண்ணால பாத்திருக்கேனா? எங்கப்பா சொல்லுவாரு, நானும் சொல்றேன்!"

மேடம் சிரித்தார். அது மூன்றாவது தடவை.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. எதற்கும் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் மச்சான் தொட்டாச்சியின் மேசைப் பக்கம் வந்தார். நான் எட்டி நில்லுங்கள் என்று சொல்லவில்லை. குனிந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்தார். தொட்டாச்சி ஒரு குஞ்சைத் தொட்டுக் காட்டினார். அது சுருங்கியது. மச்சான் ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"முதல் மீனுலயே உனக்குத் தெரிஞ்சிருக்குமே, மாப்பிள்ளை" என்றார். அவ்வளவு தாழ்ந்த குரல் அவருக்கு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"தெரிஞ்சுது மச்சான்."

"அப்புறம் எதுக்கு இருபது?"

"மூணாவது அசையலையே." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்களா இருக்கவேதான் இருபதும்" என்றார் தொட்டாச்சி.

  ஆமாவா இல்லையா என்று கேட்க வந்ததை மச்சான் மறந்தே போனார். அப்புறமும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

எனக்கு மேடம் எழுத்தில் ஒரு கண்டிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், நியாயம்தான். இப்போது விஷப் புட்டியில் எழுத்தே கிடையாது, சிவப்பில் ஒரு மண்டையோடு. ஒட்டுத்தாள் எல்லாவற்றுக்கும் மேலே மெழுகு பூசுகிறோம். சட்டைப்பையில் மூன்று சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை தொட்டாச்சி ஒரு மடித்த காகிதத்தை என் மேசையில் பிரித்து வைத்தார். உள்ளே நாலு இமை முடி. மூன்று நீளமாக, மெல்லிசாக, நுனியில் லேசாக வளைந்து. நாலாவது குட்டையாக, கறுப்பாக, துடைப்பக் குச்சி மாதிரி நின்றது.

"இது யாருது?"

"மச்சானுது. கண்ணாடி முன்னாடி நின்னு அவரே பிடுங்கினாராம். கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்களாம்." வழக்கம் போலத் தலையை ஆட்டினார். "உபயோகமாகுமான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு."

குச்சியில் ஒட்டி ஒரு குஞ்சைத் தொடப் போனார். அதைக் கண்ட மாத்திரத்தில், தொடுவதற்கு முன்னாலேயே குஞ்சு தட்டின் மறுகோடிக்கு ஓடிவிட்டது. இன்னும் நாலைந்தில் முயன்று பார்த்தார், ஒன்றும் கிட்டே நிற்கவில்லை.

"தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டேன்.

"வேணாங்கக்கா" என்றார். அந்தக் குச்சியை ஒரு தனிச் சீசாவில் நிறுத்தி வைத்தார். "ரொம்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன்."

பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தச் சீசாவில் 'மச்சான்' என்று எழுதி, மேலே மெழுகு பூசிக் கொடுத்தேன்.